டிகிரியில் வந்த மாப்பிள்ளை

கோதண்டத்துக்கு முகூர்த்தம் பூஜ்யத்தில். வழக்கம்போல் மணமேடையில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெண் இடப்பக்கமிருந்தும் மாப்பிள்ளை வலப்பக்கமிருந்தும் அதை நெருங்க வேண்டும். விளிம்பில் இருவர் உயரமும் ஒத்துப்போனால் கல்யாணம். இல்லையென்றால் சாப்பாடு மட்டும்.

ஓட்டைக்குள் கால் வைக்கக் கூடாது. அவனுடைய பெரியப்பா மகன் அவசரப்பட்டு நேராகக் கால் வைத்து, பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் ஆகிவிட்டான். அவன் இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. ரேஷன் கார்டில் இருக்கிறான்.

கோதண்டம் அப்படிப்பட்ட அவசரக்குடுக்கை இல்லை. மணப்பெண் செங்கமலத்தை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பார்த்துப் பார்த்து நடந்தான். நடக்க நடக்க நாற்காலிகள் வளர்ந்தன. கல்யாண வீட்டில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டான்.

விளிம்புக்கு வந்தபோது செங்கமலம் முழு ஆளாக எதிரே நின்றாள். அவன் கண்ணுக்கு நேரே அவளுடைய கால் கட்டைவிரல் இருந்தது.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் பெண்ணின் அப்பா தங்கராசு.

"குனிஞ்சு பாருங்க," என்றார் புரோகிதர். "கோணத்த எதுல அளந்து அனுப்புனீங்க?"

கோதண்டத்தின் தாய்மாமன் வைரக்கண்ணு, பையிலிருந்து பாகைமானியை எடுத்தார். "டிகிரிதான். எங்க வீட்ல எல்லாமே டிகிரிதான்."

புரோகிதர் தலையில் அடித்துக்கொண்டார். "சைனைக் கோணத்தால வகுக்கிற எடம்யா இது! ரேடியன்ல வந்தா ஒண்ணு, முழு ஆளு. டிகிரில வந்தா 'பை'ங்கிற மூணு சொச்சத்த நூத்தியெண்பதால வகுத்ததுதான் மிஞ்சும்."

"மிஞ்சுனது போதாதா?"

"ரெண்டு பக்கமும் ஒத்துவரல. எல்லை கெடையாது. கல்யாணமும் கெடையாது."

திரும்பிப் போய் ரேடியனில் வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. கோதண்டத்துக்கு அழுகை முட்டியது. "செங்கமலம்!" என்று கத்தினான். கொசு என்று நினைத்து ஓர் அத்தை கையை ஓங்கினாள்.

செங்கமலம் அந்தக் கையைப் பிடித்தாள். "மாமா, பாகைமானிய இப்படிக் குடுங்க."

"உனக்கென்னம்மா தலையெழுத்து?" என்றார் தங்கராசு.

"முழு ஆளா நின்னு என்னப்பா பண்ண?"

தன் கோணத்தை டிகிரியில் அளந்தாள். நின்ற இடத்திலேயே விரல் உயரத்துக்கு இறங்கினாள். புரோகிதர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லை இருக்கு, கெட்டிமேளம்!" என்றார்.

போட்டோகிராபர் காலி மணமேடையைப் படமெடுத்தார். விளிம்பைச் சுற்றி வந்து கோதண்டம் முதல்முறையாக அவள் கையைப் பிடித்தான். சபை எழுந்து ஆசீர்வதித்தது.

மேலிருந்து அட்சதை விழத் தொடங்கியது. ஒவ்வோர் அரிசியும் பூசணிக்காய் அளவு.

"ஓடுங்க," என்றாள் செங்கமலம்.

கையை விடாமல், ஓட்டையை மிதிக்காமல் ஓடினார்கள்.