இரண்டாவது கியர்

"கியர் மேலருந்து கையை எடுடான்னு எத்தனை தரம்—"

"எடுத்தா ஸ்லிப் ஆவுதுங்க, எடுத்தா—"

"கையை வெச்சினே ஓட்டினா ஃபோர்க் தேயாம என்னா பண்ணும்?"

"அது தேஞ்சதாலதாங்க கையே வெச்சேன்!"

கூனிமேட்டு ரோட்டோரம், சகாயராஜின் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழைய அம்பாசிடர் கல் அடுக்குகளின் மேல் நின்றது. கழற்றிய கியர்பாக்ஸ் சாக்கின் மேல் பிரிந்து கிடந்தது; கியரை நகர்த்தும் இரண்டு கால் ஃபோர்க்கும் அதோடு கிடந்தது. கத்துகிறவர் உப்பள முதலாளி கன்னியப்பன். எதிரே அவருடைய டிரைவர் அர்ச்சுனன். பதினோரு வருஷமாக உப்பளத்துப் பெண்களை ஏற்றி இறக்குகிறவன்.

வரப்பு மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியர் கழன்றுவிடும். முன்சீட்டில் இருப்பவள் கியர்த் தண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷமாக அது வேலம்மாள் வேலை. நேற்று அவள் பிடியையும் மீறிக் கழன்றது. வண்டி பின்னால் உருண்டு, வரப்பை உடைத்துப் பாத்தியில் இறங்கியது. விளையவிருந்த உப்புத்தண்ணீர் முழுக்க ஓடிப்போயிற்று. வேலம்மாளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உன்ன சீட்ல குந்தச் சொன்னாங்களா, வண்டி ஓட்டச் சொன்னாங்களா?"

"புடிக்கலன்னா எறங்கித் தள்ளணும். தள்ளிட்டு வந்தா லேட்டுன்னு நீங்கதான அரைநாள் கூலிய வெட்டறீங்க?"

"கை ஒடஞ்சும் வாய் ஒடயல, பாரு."

கன்னியப்பன் அர்ச்சுனன் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடு. நாளைலேர்ந்து அனுமந்தை ஊர்லேர்ந்து வேற டிரைவரு வர்றான்."

"நான் கெடுத்தேன்னு யாருங்க சொன்னது?"

"மெக்கானிக்கே சொல்லட்டும். சகாயம், டிரைவர் தப்பா, வண்டி தப்பா? என் லாரி மூணும் உங்கிட்டதான் வருது. வெவரம் தெரிஞ்சவன், சொல்லு."

சகாயராஜ் ஃபோர்க்கை எடுத்து மண்ணெண்ணெயில் அலசினான். கரி போனதும், தேய்ந்த காலின் மேல் வெல்டிங் வைத்த கட்டி தெரிந்தது. அதன்மேல் அரம் இழுத்த கோடுகள். அவன் அரம்தான். போன வருஷம், அர்ச்சுனன் ஊரில் இல்லாதபோது, புது ஃபோர்க் வாங்கச் சொல்லி சகாயராஜ் சொன்னதற்கு, "பத்தவெச்சு விடு, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றவர் கன்னியப்பன்.

சகாயராஜ் அதைத் துடைத்தான். கட்டி இருந்த பக்கம் அடியில் போகும்படி சாக்கின் மேல் வைத்தான்.

"கையை வெச்சே ஓட்டினா தேயத்தாங்க செய்யும்," என்றான், கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கியபடியே.

அர்ச்சுனன் சாவியை எடுத்துக் கன்னியப்பன் கையில் வைத்தான்.

டயர் மேலிருந்து வேலம்மாள் சொன்னாள்: "சகாயராஜண்ணா, அத திருப்பி வையி. அந்தாண்ட என்னாவோ கட்டியா இருந்துதே."