நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் ஒரு துடைக்கும் துணியும்

அத்தை எனக்கான பரிந்துரைக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டாள், ஆனால் இன்னும் அனுப்பவில்லை. மொழிபெயர்ப்புப் பள்ளிக்கு அது மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வேலை கொடுத்தவரிடமிருந்து, அதாவது நான் வேலை பார்க்கும் தராசுப் பட்டறையின் முதலாளியான அத்தையிடமிருந்து, நேராக மின்னஞ்சலில் வந்தால்தான் விண்ணப்பத்தைப் பார்ப்பார்களாம்.

"முக்கால்வாசி முடிச்சாச்சு. கடைசி வரிதான் வரமாட்டேங்குது. மூணரைக்கு வந்து அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடைத் தராசு ஒன்று பொய் சொல்கிறது என்று கருவிப் பெட்டியோடு கிளம்பிப் போனாள்.

அந்த முக்கால்வாசியில் என்ன எழுதியிருப்பாள்? தராசு சரிபார்க்கிறவர்கள் பாராட்டைக்கூட மில்லிகிராமில்தான் போடுவார்கள். மணி இரண்டே கால். பின்னறையில் அவளுடைய கணினி திறந்தே கிடந்தது. போய் உட்கார்ந்தேன்.

அத்தையின் மின்னஞ்சல் ஊர் உலகத்தில் இருப்பது போல இருக்காது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். படம் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. அவளுடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, இருபது வருடத்துக்கு முன் போட்டுக் கொடுத்தது. அதை விட்டு அவள் அசையவே இல்லை.

கடிதம் எங்கே இருக்கும் என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. முன்னறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"என்னம்மா, தூசி தட்டற அளவுக்குத் திருந்திட்டியா?"

"ஒரே அழுக்கு அண்ணே."

"ஒன்றரை வருஷமா உன் கண்ணுக்குப் படாத அழுக்கு, உங்க அத்தை வெளிய போனதும் பளிச்சுனு தெரியுதாக்கும்."

"இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை மேகம் கவிந்திருந்தது. பிறகு அலமாரியில் எண்ணெய்க் குப்பியைத் தேடினார். அவ்வளவு நேரமும் துணிக்கு அடியில் என் விரல் ஒரே விசையில் ஊன்றி நின்றது எனக்கு உறைக்கவில்லை. அவர் போனதும் துணியை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

திரையில் ஒவ்வொரு கடிதத்துக்கு முன்னாலும் 'டி' என்று ஓர் எழுத்து நின்றது. கீழே ஒரு கேள்வி: அழிக்கச் சொன்ன நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் ஒழித்துவிடட்டுமா? ஆமாம் அல்லது இல்லை.

போனில் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அத்தையோட மெயில்ல..."

"எதைத் தொட்ட?"

"ஏன் வாயில ஏதோ வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு?"

"சலூன்ல இருக்கேன். மூஞ்சி பூரா நுரை. நான் வாயைத் திறந்தா இவர் கத்தியை நிறுத்திட்டு முறைக்கிறார். சீக்கிரம் சொல்லு."

சொன்னேன். "இல்லைன்னு அமுக்கிடட்டுமா?"

"வேண்டாம்! அமுக்கினா ப்ரோகிராம் வெளிய போயிடும். திரும்ப உள்ள வர அவ பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா? கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு ஜி-யைத் தட்டு."

தட்டினேன். "போச்சு சித்தப்பா!"

"என்ன போச்சு?"

"கேள்வி."

"அது போகத்தான் தட்டச் சொன்னேன், மண்டு."

பின்னால் ஒரு குரல், "சார், கன்னத்தை உப்புங்க" என்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சித்தப்பாவின் கன்னம் இறங்கும்வரை நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

"இங்க பாரு," என்றார் கடைசியில். "டி போட்டா செத்துப் போச்சுன்னு அர்த்தமில்ல. நாள் குறிச்சிருக்கு, அவ்வளவுதான். மூடிட்டு வெளிய போகும்போதுதான் காரியம் நடக்கும். இப்ப பெரிய யூ, ஷிஃப்ட்டோட. எதை மீட்கணும்னு கேக்கும். ஒரு புள்ளி வெச்சு என்டர் தட்டு."

எல்லா டி-யும் ஒரே நொடியில் மறைந்தன. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். புத்தி உள்ளவளாக இருந்தால் அதோடு எழுந்து போயிருப்பேன்.

"சித்தப்பா, எழுதிப் பாதியில வெச்ச கடிதத்தை எப்படித் திறக்கறது?"

"எம்-ஐத் தட்டினா அதுவே கேக்கும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே" என்று போனை வைத்தார்.

கடிதம் திறந்தது.

'இவள் என் அண்ணன் மகள் என்பதை மறந்துவிட்டு எழுதுகிறேன். எடைக்கற்களைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள். தொடாதே என்று சொன்னவற்றைக் கையுறை இல்லாமல் தொடுவாள். கையில் புத்தகம் இருந்தால் கூப்பிட்டது காதில் விழாது. தப்பு செய்தால்'

அங்கே நின்றிருந்தது. செய்தால்? என் கை சும்மா இருக்குமா? 'உடனே திருத்திக்கொள்வாள்' என்று சேர்க்கலாம் என்று தட்டினேன். எழுத்து விழவில்லை. கர்சர் மூன்று வரி தாண்டிக் குதித்தது. மறுபடி தட்டியதும் கையுறை வரி காணாமல் போனது. அடுத்து 'அண்ணன் மகள்' போய்விட்டாள். கன்ட்ரோலும் ஜி-யும் தட்டிப் பார்த்தேன். இங்கே அதை யாரும் மதிக்கவில்லை. சித்தப்பா போனை எடுக்கவில்லை.

"என்ன பண்ணின?"

அத்தை கதவருகில் கருவிப் பெட்டியோடு நின்றிருந்தாள். மணி மூன்று இருபது.

துடைக்கும்போது தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லலாம். பாதி உண்மைதானே. கடைசல்காரரே சாட்சிக்கு வருவார். ஆனால் அத்தை என்னைப் பார்த்த பார்வை, தட்டில் வைத்த பொருள் ஆடி அடங்கட்டும் என்று காத்திருக்கிற பார்வை.

"உங்க கடிதத்தைப் படிக்க வந்தேன்" என்று தொடங்கி துணி, டி, சலூன், கன்னம், என் சொந்தச் சேர்க்கை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அத்தை என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். ஒரே விசையை நான்கைந்து தடவை தட்டினாள். போன வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

'தப்பு செய்தால் முதலில் துணியை எடுத்துத் துடைப்பாள். பிறகு என் தம்பியைக் கூப்பிடுவாள். கடைசியில், கேட்டால், ஒன்று விடாமல் உண்மையைச் சொல்வாள். மூன்றும் இன்று மதியம் நடந்தவை.'

"அத்தை, தயவுசெஞ்சு அந்த உண்மை சொல்ற வரியை மட்டும் வெச்சுக்கிட்டு..."

"எடை குறைக்கச் சொல்றியா?"

மூன்று முப்பத்தொன்றுக்குக் கடிதம் போனது.

மணி நான்கு அடிக்கச் சற்று முன் பதில் வந்தது. நேர்காணல் வியாழக்கிழமை பத்து மணிக்கு. கீழே ஒரு வரி: 'அந்த மதியத்தை அவர் வாயாலேயே விரிவாகக் கேட்க ஆவலாக இருக்கிறோம்.'

முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்த கடைசல்காரர், "வெளிச்சம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னதையும் சேத்துச் சொல்லும்மா" என்றார்.