தாயிடம் சேர்க்கக் கூடாதவன்

...தாயிடம் சேர்க்கிறார்களாம், தாயிடம், யார் கேட்டது, அந்தத் தாய் கேட்டாளா, ஜீப்பின் பின்னால் கூண்டுக்குள் குந்தியிருக்கிற இவன்தான் கேட்டானா, தோள் அகன்று கோரைப்பல் நீண்ட வாலிபக் குரங்கு, தன் காலால் நடந்து தன் கூட்டத்தை விட்டு வெளியேறியவன், இவனைப் பிடித்து மறுபடி அம்மா மடியில் போடப் போகிறார்களாம், அதைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம் எடுக்கப் போகிறார்களாம். குரங்குகளை ஆராய்கிற இத்தோ பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்னிருக்கையில் வன அதிகாரி ஸி துஹாமி கண்ணாடியைச் சாய்த்துத் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். ஜீப் தேவதாரு மரங்களுக்கு நடுவே ஏறியது, நிழல் விழுந்த பக்கமெல்லாம் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. கிழிகாதன் என்று இவனுக்குப் பெயர் வைத்தவளே இத்தோதான், பிறந்த வசந்தத்திலிருந்து தெரியும், அப்போது கூட்டத்து ஆண்கள் இவனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், யார் அப்பன் என்று ஒருத்தனுக்கும் தெரியாது, தாய் எல்லோரிடமும் போனவள், அதனால் எல்லோருக்கும் பிள்ளை, என்ன அழகான ஏற்பாடு... அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு நிபந்தனை, வளர்ந்ததும் ஆண் கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான். அதைக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

காலையில் வன அலுவலகத்தில், புதினாத் தேநீர் ஆறிப்போகிற வரை சொல்லிப் பார்த்தாளே. மெக்னாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் சொல்வதைவிட எளிமையாக. "ஸி துஹாமி, அவன் வழி தவறிப் போகல, பொண்ணு தேடிப் போறான். அதுங்க இனத்துல பொண்ணுங்க பொறந்த இடத்துலயே இருக்கும், பையனுங்கதான் வெளிய போகணும்." அவளை மரியாதையாக லல்லா என்று கூப்பிடுகிற ஓட்டுநர் ஹம்மு கதவோரம் நின்று சிரித்தார், "அப்போ என் மாமியார் குரங்குச் சட்டப்படிதான் நடக்குறாங்க லல்லா, பொண்ண அனுப்பவே மாட்டேங்குறாங்க." சிரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் நெடுஞ்சாலையை அகலப்படுத்திய பிறகு இந்தக் கூட்டத்துக்குள் வெளியிலிருந்து ஓர் ஆண்கூட வரவில்லையே, அதற்கு யார் சிரிப்பது. எச்சத்தைப் பொறுக்கிக் குழாயில் போட்டு ஆய்வுக்கூடத்தில் மரபணுவைப் படித்தவள் இவள், போன வசந்தத்துக் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே தகப்பனுடையவை, அந்தத் தகப்பனே கிழிகாதனுக்கும் தகப்பன். தாய்வழித் தங்கையை இவனுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்வான், தகப்பன் வழித் தங்கையை எப்படித் தெரியும், முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது... அப்படி ஒரே ரத்தம் சேர்ந்து, பிறந்து கண் திறக்காமலே போன குட்டியைத் தாய் நாள்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்ததை ஸி துஹாமி வந்து பார்த்தாரா. இவர் பார்த்ததெல்லாம் போன தடவை இவனைக் கொண்டுவந்து விட்டபோது வந்த புகைப்படம். பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்தது என்று போட்டிருந்தார்கள். ஆயிரம் பேர் இதயம் போட்டார்கள். இரண்டு தடவை சாலையைத் தாண்டினான், இரண்டு தடவையும் பிடித்துவிட்டார்கள், மூன்றாவது தடவை லாரி ஏறும், ஏறத்தானே செய்யும்.

"பெத்தவ அங்க காத்துக்கிட்டு இருப்பா லல்லா," என்றார் ஸி துஹாமி, இப்போதும் கண்ணாடியைப் பார்த்தபடி. "உங்களுக்கு அம்மா இல்லையா?" இருக்கிறாள். அஸ்ரூவில், அடுப்புப் பக்கத்தில், தம்பி ஸீரியின் கம்பளிச் சட்டையைத் துவைத்துத் துவைத்து நூலாக்கிக்கொண்டு. அவனையும் இரண்டு தடவை கொண்டுவந்து விட்டார்கள், கடல் தாண்டக் கிளம்பியவனை வடக்கே துறைமுகத்தில் பிடித்து, பேருந்தில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கி, அம்மாவிடம் சேர்த்துவிட்டோம் என்று சொல்லி. அம்மா அவர்களுக்குக் குஸ்குஸ் சமைத்துப் போட்டாள், பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து குலவையிட்டார்கள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றான். முதல் தடவை லாரிக்கு அடியில் ஒளிந்தவன், இரண்டாவது தடவை கப்பலில், பிறகு யாருமே காவல் இல்லாத கடற்கரையாகப் பார்த்து நீரில் இறங்கினான், காவல் ஏன் இல்லையென்றால் அங்கே அலையே போதும்... கொண்டுவந்து விட்டவர்கள் நல்லவர்கள், எல்லோரும் நல்லவர்கள், கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வழி பிரிகிற இடத்தில்தான் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும். தொலைக்காட்சிக்காரர்களிடம் பேச ஸி துஹாமி இறங்கி ஒரு பாறைமேல் ஏறினார். இடது பக்கம் போனால் உல்லாசப் பயணிகள் குரங்குகளுக்குக் கடலை தின்னக் கொடுக்கிற மைதானம், கூட்டம் அங்கேதான் இருக்கும். வலது பக்கம் போனால் கூப்பிடு தூரத்தில் நெடுஞ்சாலை, அதைத் தாண்டி அடுத்த காடு. "வலது பக்கம் திருப்புங்க ஹம்மு அண்ணே." அவர் திரும்பிப் பார்த்தார். "அவரு கீழ நிக்கிறாரே லல்லா." "நிக்கட்டும்." "என் சோத்துக்கு யாரு பதில் சொல்றது?" கேட்டிருக்கக் கூடாது, தன் கோபத்துக்கு இன்னொருவர் சோற்றைப் பணயம் வைக்க யார் இவள்... ஹம்மு தாடையைச் சொறிந்தார். பிறகு, "இடது பக்கம் ஆட்டு மந்தை வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது, பாத்தீங்களா?" என்றார். இடது பக்கம் ஒரு ஆடுகூட இல்லை. "பாத்தேன்," என்றாள் இத்தோ.

சாலைக்கு அந்தப் பக்கம் சரிவில் நிறுத்திக் கூண்டைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறான், மூலையில் ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான், என்னிடமா காட்டுகிறாய், உனக்காகத்தானே, போ, போய்த் தொலை என்று தகரத்தை ஓங்கித் தட்டினாள், கை எரிந்தது. அவன் குதித்தான். பனியில் நாலு கால் தடம், பிறகு அடிமரம், பிறகு கிளை, பிறகு முகட்டின் மேல் கொஞ்சம் பழுப்பு, பிறகு அதுவும் இல்லை. பின்னால் ஸி துஹாமி மூச்சிரைக்க ஓடிவந்தார், தொப்பி கையில். "எங்க அவன்?" "போயிட்டான்." "போயிட்டான்னா? அவங்க கேமராவோட நிக்கிறாங்க லல்லா, நான் என்னன்னு சொல்றது? எங்க போனான்?" இத்தோ முகட்டைக் காட்டினாள். அந்தப் பக்கம் வேறு கூட்டம் இருக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள், அடித்துத் துரத்துவார்கள், பிறகு சேர்த்துக்கொள்வார்கள், எல்லாம் சரியாகத்தான் நடந்தது, நினைத்தபடியே, அப்படியானால் இந்தக் கோபம் இறங்கியிருக்க வேண்டாமா, ஸி துஹாமி மேல்கூட இல்லை இப்போது, அவர் பாவம், தொப்பியைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்... ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். முகட்டில் நின்று ஒரே ஒரு தடவை. பார்க்கவே இல்லையே அவன், என்று நினைத்தவள், எவன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், நீட்டிய கையை இன்னும் இறக்காமல்.