அக்காவுக்குத் தெரிய வேண்டியது

அன்று மாலை எம். புதுப்பட்டி வீட்டில் இருந்தவர்கள்: ஃபேனுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் முத்துப்பாண்டி, கட்டிலில் அவன் மனைவி மாரிசெல்வி, கதவோரம் தரையில், புற்றுநோய் வந்து ஒரு பக்க மார்பை எடுத்துவிட்ட தங்கை சின்னத்தாய். ஏழாயிரம்பண்ணையில் வாழ்க்கைப்பட்ட அக்கா ராக்காயி வரவில்லை. அவள் தங்கையோடு பேச்சை முறித்து இரண்டு வருஷமாகிறது.

மதுரை டாக்டரம்மா சொன்னதைச் சின்னத்தாய் சொன்னாள். உடம்பின் உயிரணுக்களில் விழும் பழுதைச் சரிசெய்கிற மரபணு அவளுக்குப் பிறவியிலேயே குறையோடு இருக்கிறதாம். பழுது மண்டிய கட்டியைச் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டு தாக்கவும் கூடுமாம். அந்தச் சக்தியைத் தட்டி எழுப்பும் ஊசியைத்தான் இவளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் அதே குறை இருக்கலாம், ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

“எனக்கு எங்கிட்டு வரும்? நான் ஆம்பளைல்லா!”

“ஆம்பளைக்கும் இருக்குமாம்ண்ணே. பிள்ளைகளுக்கும் போகுமாம்.”

மாரிசெல்வி எழுந்து கதவைச் சாத்தினாள். “மெதுவாப் பேசு தாயி. வெள்ளிக்கிழம எம் மக ஓவியாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராக. பரம்பரை நோவுன்னு காதுல விழுந்தா வந்த கார்லயே திரும்பிருவாக.”

“அக்காகிட்ட மட்டுமாவது சொல்லிருதேன்.”

“அவகிட்டயா? அதுக்கு மைக்செட்டே கட்டிரலாம்.” சிரித்த முத்துப்பாண்டி, பிறகு சிரிக்காமல் சொன்னான்: “மீறிச் சொன்னேன்னு வையி, ஊசிக்கு நீயே பஸ் ஏறிப் போய்க்க. இந்த வாசலயும் மிதிக்காத.”

புருஷன் போன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவனைத் தவிர அவளுக்கு ஆளில்லை.

தன் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். “மருந்து வேலைக்குப் போகாதன்னு தலையால அடிச்சேன், கேட்டியா? நல்லா வாங்கிக்க!” என்றுதான் ராக்காயி கடைசியாகக் கத்திவிட்டுப் போனாள். சின்னத்தாய் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்துதான் நோயைக் கொண்டுவந்தது என்பது அக்காவின் தீர்மானம். தான் பட்டாசுக் கம்பெனிப் படியே மிதித்ததில்லை, அதனால் தனக்கு வராது என்று நிம்மதியாக இருக்கிறாள்.

சின்னத்தாய் போன் போட்டாள். அக்கா இவள் நம்பரை பிளாக் செய்தது செய்தபடியே இருந்தது. தாளை எடுத்தாள்.

“அக்கா, இது நம் ரத்தத்தோடு வந்தது. கம்பெனிக்குப் போகாததால் உனக்கு வராது என்று இருந்துவிடாதே. டாக்டரம்மா நம்பர் கீழே இருக்கிறது. என்னைப் பார்க்க வர வேண்டாம். அவர்களைப் போய்ப் பார்.”

யாரிடமும் சொல்லாதே என்று எழுத வந்த கை நின்றது. ஓவியாவுக்கும் தெரிய வேண்டியதுதானே? அந்த வரியை எழுதவில்லை.

மறுநாள் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் பார்த்தாள். “இங்கன இருக்கு ஏழாயிரம்பண்ணை. பஸ் ஏறிப் போயி நேர்லயே குடுத்துரலாமேக்கா?”

“அங்கன எனக்குக் கதவு திறக்காதும்மா.”

உறையின் மடிப்பில் பசை தடவி, ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் முத்திரை குத்திப் பைக்குள் போட்டாள்.