புது கார்டில் வைத்த பொட்டு

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கம்ப்யூட்டர் டிஸ்பிளே கார்டைத் தன் கையாலேயே மாட்டப்போவதாக ஹேமந்த் ஒரு வாரமாக ஆபீஸில் அலட்டிக்கொண்டிருந்தான். "அப்ப நானும் வந்து பாக்கறேன் மச்சான்" என்று கூட வேலை செய்யும் பரணிதரன் கிளம்புவான் என்று அவன் நினைக்கவில்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் பரணி வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான். கருங்குழிக்கு, அதுவும் ஊரைத் தாண்டிக் காலனிக்குள் இருக்கும் தன் வீட்டுக்கு, அவனை ஒருமுறைகூட அழைத்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா காசியம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் புள்ள நம்ம வூட்ல தண்ணி குடிக்குமாடா?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று எரிந்து விழுந்தான். உள்ளுக்குள் அவனுக்கும் அதே உதறல்தான்.

பரணி வந்தான், தண்ணீர் குடித்தான், கேழ்வரகு அடையை இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றான். அதற்குமேல் ஹேமந்துக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, இனி கார் ரேஸ் கேமெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று அளந்தான். ஸ்க்ரூடிரைவர் தேடி உள்ளே போய்த் திரும்பினால், மேசைமேல் இருந்த கார்டின் ஓரத் தகட்டில் சந்தனமும் குங்குமமும் மினுக்கின. காசியம்மாளின் வேலை. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்துவிடுவாள். மிக்சிக்கும் வைத்தாள், அவன் பைக்குக்கும் வைத்தாள். பரணி சிரித்தான், பிரியமான சிரிப்புதான். ஹேமந்துக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.

கார்டை அழுத்திச் சொருகி, திருகை முடுக்கி, சுவிட்சைப் போட்டான். உள்ளே விசிறி சுற்றியது. பெருத்த மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. கழற்றி மறுபடி மாட்டினான். அப்போதும் கறுப்புதான். ஒரு வாரம் அலட்டியவனுக்கு நண்பன் எதிரில் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பழியைப் போட ஓர் ஆள் வேண்டும், ஆளோ பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நீ தொட்டதாலதான் கெட்டுப்போச்சு! உன்ன யாரு தொடச் சொன்னது?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. காசியம்மாள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே இவனைப் படிக்கவைத்தவள். கூலிக்குப் போய் நின்ற வாசல்களில் எல்லாம் இந்த வார்த்தையை வாங்கியிருக்கிறாள். சொந்த வீட்டில், பெற்ற பிள்ளை வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பரணி அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான்.

"மானிட்டர் கேபிள் பழைய இடத்துலயே இருக்கு மச்சான். புது கார்டுக்கு நீ மாத்தவே இல்ல."

மாற்றினான். படம் பளிச்சென்று வந்தது. ஹேமந்துக்குத் துளி சந்தோஷமும் இல்லை. நிஜமாகவே கார்டு கெட்டிருந்தால் தேவலையே என்றுகூட ஒரு கேடுகெட்ட நினைப்பு ஓடியது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

வாசலுக்கு ஓடினான். "அம்மா, உன் மேல தப்பே இல்லம்மா. நான்தான் வயர மாத்தாம வுட்டுட்டேன். வாய் தவறிச் சொல்லிட்டேம்மா. உள்ள வா."

காசியம்மாள் எழுந்து வந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை.

"வந்துடுச்சா? நல்லாக் கீதுப்பா."

"கிட்ட வந்து பாரும்மா."

பரணி அவசரமாக எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். "உக்காருங்கம்மா."

அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"வேணாம்ப்பா. இங்கருந்தே நல்லாத் தெரியுது."