மீட்டர் வரைக்கும்

மயிலாப்பூரில் அந்த வீட்டின் பின்சுவரில் ஓர் இரும்புக் குழாய் இருந்தது. தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சார ஒயர் அதன் வாயில் நுழைந்து, சுவரோடு இறங்கி, மீட்டருக்குப் போகும். குழாயின் கழுத்தில்தான் குடித்தனக்காரர்கள் கொடிக்கம்பி கட்டியிருந்தார்கள். 1973 ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், ஜெயபாரதி ஈரப் புடவையை அந்தக் கம்பியில் போட்டாள். போட்ட கை திரும்பவில்லை.

கல்யாணமாகிப் பதினோரு மாதம். புருஷன் கருணாகரன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மனு எழுதிக்கொண்டு மின்சார ஆபீசுக்குப் போனான்.

லைன் இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஒயரு எங்களுது சார். பைப்பு வூட்டுக்காரருது. எங்க ஒயரு அவரு பைப்புக்குள்ளாற பூந்துகினா நான் இன்னா பண்றது?"

"ஒயர் மேல் தோல் பைப் வாயில உரசி அறுந்திருக்கு. கம்பத்துலயே வெட்டி விடுங்க."

"கனெக்‌ஷன் யார் பேர்ல கீதோ அவரு லெட்டர் குடுக்கணும். நீங்க வெறும் குடித்தனம். லெட்டர் இல்லாம வெட்டணும்னா பில்லு கட்டாம இருக்கணும், இல்ல மீட்டர்ல நாங்க வெச்ச ஈய சீலு ஒடைஞ்சிருக்கணும். ஆளு செத்தது அதுல இல்ல சார்."

வீட்டுக்காரர் சந்திரமௌலி லெட்டர் தர மறுத்தார். "மீட்டர் வரைக்கும் அவா பொறுப்புடாப்பா. அப்புறந்தான் நான். லெட்டர் குடுத்தா தப்பு என்னோடதுன்னு ஒத்துண்ட மாதிரி ஆயிடும். வக்கீலையே கேட்டுட்டேன்."

குழாய் இருந்ததோ மீட்டருக்கு முன்னால். ஆனால் அவர் சுவரில், அவர் ஆள் வைத்துப் பதித்தது. ஆக, ஜெயபாரதி செத்த இடத்துக்குச் சொந்தக்காரரே கிடையாது. நாலு வாரம் கருணாகரன் இரண்டு வாசலுக்கும் மாறி மாறி நடந்தான். கொடிக்கம்பியை அறுத்துப் போட்டான். குழாயை என்ன செய்வது? வீட்டு பியூசைப் பிடுங்கினாலும் அதில் மின்சாரம் நிற்காது. பியூஸ் மீட்டருக்கு அப்பால் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துப் போர்ஷன் தங்கம் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள்.

"தம்பி, அந்தப் பைப்புல முழங்கை பட்டுச்சு. சுர்ருன்னு இழுக்குது. கிணத்தடிக்கு அந்த வழியாத்தானே போயாகணும்?"

அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ரெண்டு நாள் இருட்டுல இருப்பீங்களாக்கா?"

"பாடையில போறதுக்கு இருட்டு மேல் தம்பி."

மீட்டரில் தொங்கிய ஈய சீலைக் குறட்டால் திருகிப் பிய்த்தான். எதிர்க்கடை போனில் ஆபீசைக் கூப்பிட்டான். "மீட்டர் சீலை உடைச்சவன் பேசறேன். விலாசம் எழுதிக்குங்க."

நாலு வாரமாக வராத ஜீப் அரை மணியில் வந்தது. ராஜரத்தினம் லைன்மேனோடு இறங்கினார்.

"இன்னா சார், படிச்சவரு பண்ற வேலையா இது? ஆபீசு சீலு சார்! கேசு ஆவும், தெரிமா?"

"ஆகட்டும். என் பேரை எழுதுய்யா. இதுக்காவது ஒருத்தன் பேர் இருக்கட்டும்."

சந்திரமௌலி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அடப்பாவி! மீட்டர் என் பேர்லன்னா இருக்கு! சார், இவன் பண்ணினதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"ரூலு அப்டி சாமி. சீலு போனா கம்பத்துலயே வெட்டு. உங்க லெட்டர்லாம் வோணாம்."

லைன்மேன் ஏணி சாத்தி ஏறினான். இரண்டு வெட்டு. ஒயர் துவண்டு சுவரில் விழுந்தது.

கருணாகரன் மழையில் நடந்துபோய்க் குழாயை இரண்டு கையாலும் பிடித்தான். தங்கம் வீறிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. வெறும் இரும்பு, சில்லென்றிருந்தது.

ராஜரத்தினம் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றார். "சார், ஒரு கையெழுத்து."

"ஏணியில ஏறி இறங்க அஞ்சு நிமிஷம்," என்றான் கருணாகரன், குழாயை விடாமல். "இவ்வளவுதானாய்யா வேலை? சொல்லுய்யா, இவ்வளவுதானா?"

படிவம் மழையில் நனைந்துகொண்டிருந்தது.