வாகைகுளத்துக்கு ஒன்றரை மணி நேரம்

"ஏறி உக்காந்துட்டேன் செல்வி. ஒன்றர மணி நேரந்தான். போனை அணைக்கச் சொல்லுதாவ" என்று சென்னையிலிருந்து ராஜபாண்டி சொன்னபோது, தாராவி வீட்டில் அவன் பெண்டாட்டி இசக்கிசெல்விக்கு அப்பாடா என்றிருந்தது. விடியுமுன்னே ஊரில் அவன் அக்கா முப்பிடாதியம்மாள் போய்விட்டாள். ரயிலைப் பிடித்தால் ஒன்றரை நாள். அதுவரைக்கும் யார் உடலைப் போட்டு வைத்திருப்பார்கள்? அதனால்தான் மும்பையிலிருந்து சென்னை, அங்கிருந்து தூத்துக்குடிக்குச் சின்ன விமானம் என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆகாயத்தில் போகிறான் மனுஷன். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். அதற்கு முன் அக்காமேல் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்கிற புதுச்சீலை விழுந்தாக வேண்டும். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு தம்பிதான்.

அந்த நிம்மதியும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"ஏ செல்வி, இந்த மஞ்சப்பை ஒங்களோடதா? வெளிய ஆணில தொங்குதே" என்றாள் பக்கத்து வீட்டு மதீனா பீவி.

இசக்கிசெல்வி வாசலுக்கு ஓடினாள். கடைக்காரரை எழுப்பி வாங்கிய கோடிச் சீலை அது. சாவுக்கு எடுத்ததை விளக்கேற்றும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று ராஜபாண்டிதான் வாசலில் மாட்டினான். போகும்போது அவன் எடுத்துக்கொள்வான் என்று இவள் இருந்தாள். தன் தோள்பையில் இவள் வைத்திருப்பாள் என்று அவன் இருந்தான். நல்ல லட்சணம் போங்கள்!

இப்போது யாரிடம் சொல்ல? ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை அந்த விமானம் தாண்டுகிறவரை அவன் போன் கிடைக்காது. விமான நிலையம் இருக்கிற வாகைகுளத்தில் இறங்கியதும் சொன்னாலும், ஜவுளிக்கடை இருக்கிற தூத்துக்குடி ஒரு பக்கம், ஊர் எதிர்ப்பக்கம். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். தூக்கி வளர்த்த அக்கா முன்னால் வெறுங்கையோடு போய் நின்றால் ஊர் சும்மா விடுமா?

இறந்துபோன நாத்தனாரின் மகள் பேச்சியைக் கூப்பிட்டாள்.

"ஏளா, ஒங்க மாமா கோடிய இங்கயே விட்டுட்டுப் போயிட்டாவ. நான் என்னளா செய்வேன்?"

அந்தப் பக்கம் ஒப்பாரிதான் கேட்டது. அதற்கு நடுவே பேச்சி சொன்னாள்: "அழாதிய அத்த. போன தீவாளிக்கு மாமா எடுத்துத் தந்த அரக்குச் சீலை பெட்டிக்குள்ள இருக்கு. அம்மா கட்டவே இல்ல. மடிப்புக் கலையாம கெடக்கு."

"அத ஒருத்தர் கண்ணுலயும் படாம, மாமாவக் கூட்டியாரப் போற டிரைவர்ட்ட குடுத்து விடுளா. மாமா கையாலயே வரட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அதற்குமேலும் ஆயிற்று. போன் அணைத்தே கிடந்தது. அங்கே மழையோ? இறங்க முடியாமல் சுற்றுகிறதோ? மதீனா பீவி கொடுத்த டீ ஆறி ஆடை படிந்தது.

போன் அடித்தது.

"செல்வி..." என்றான் ராஜபாண்டி. "கோடி பையில இல்ல. மேல பறக்கும்போதே பாத்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ முன்னால போய் நிப்பேன்?"

"டிரைவர்ட்ட இருக்கு. நீங்க எடுத்ததுதான், அந்தத் தீவாளிச் சீலை. மைனி கட்டாமலே வச்சிருந்திருக்காவ."

வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கட்டிக்கிட்டு ஒரு போட்டா அனுப்புன்னு அன்னைலருந்து கேட்டேனே" என்றான். "நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லிட்டுப் போயிட்டாளே, செல்வி."